குளிக்காமல் வந்தவன்

அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில், வயரோடு இருக்கும் போனை இன்னும் வைத்திருக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். அது குசினிச் சுவரில் தொங்குகிறது. தெரிந்தவர்கள் யாரும் அதில் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் வீட்டின் காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்துதரவா என்று கேட்பவர்கள், அல்லது வரி கட்டவில்லை, பொலிஸ் வருகிறது என்று வெருட்டுகிறவர்கள். ரொறன்ரோவில் அவர்களுடைய அழைப்பை ஓடிவந்து எடுக்கிற ஒரே மனுஷி என் மனைவிதான்.

அந்த அழைப்புகளில் எடுத்தவுடன் குரல் வராது. எங்கோ ஒரு இயந்திரம் பேசுவதற்கு ஆளைத் தேடிப் பிடிக்கும்வரை கொஞ்ச நேரம் வெறும் அமைதி. மனைவி அந்த அமைதிக்குள் "தம்பியோ?" என்று கேட்பாள். மற்றப் பக்கத்திலிருந்து "ஹலோ மேடம்" என்று வந்ததும், வேண்டாம், நன்றி என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டுக் கறியைக் கிளறப் போவாள். நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கமாட்டேன். இது எங்கள் வீட்டில் குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல் போல ஆகிவிட்டிருந்தது.

தம்பி என்பது அவளுடைய கடைசித் தம்பி, என் மச்சான். நாட்டில் கடைசிச் சண்டை நடந்தபோது வன்னிக்குள் அகப்பட்டுப்போனவன். அந்த நாட்களில் அங்கே ஒரு சற்றலைற் போனுக்கு முன்னால் சனம் வரிசையில் நின்று, முறைவைத்து வெளிநாட்டு உறவுகளைக் கூப்பிடும். அவன் கடைசியாகக் கூப்பிட்டது இந்தக் குசினி போனுக்கு. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். எடுத்தது நான். சற்றலைற்றில் குரல் வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். முதலில் அமைதி, பிறகு அவன். "அத்தான், அக்கா இல்லையோ? அப்ப நான் பிறகு எடுக்கிறன்." அவ்வளவுதான். பிறகு அவன் எடுக்கவில்லை. முகாம்களில் தேடினோம். தெரிந்தவர்களைப் பிடித்துக் கேட்டோம். கண்டோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டது வேறு ஆட்களை.

மச்சான் சரியான நெட்டையன். கட்டிலில் படுத்தால் கால் இரண்டும் வெளியே நிற்கும். எந்த வாசலையும் குனிந்து கடந்து பழகியதால், உயரமான வாசலிலும் குனிவான். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். ஒவ்வொரு மிதிக்கும் அவனுடைய முழங்கால் என் விலாவில் இடித்தது. பேசாமல் நடந்தே போயிருக்கலாம் என்று அன்றைக்கு அவனைத் திட்டினேன்.

அவன் செத்துப்போய்விட்டான் என்பது என் கட்சி. உயிரோடு எங்கோ இருக்கிறான் என்பது அவள் கட்சி. இந்த வழக்குத்தான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக நடந்தது. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுக்கவில்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்கும் கிரியை செய்ய முறை இருக்கிறது என்று ஒரு ஐயர் சொன்னார். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து அவள் முன்னால் சொல்லவைத்தேன். அவள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றோடு அவர் பூசை செய்கிற கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள்.

வழக்கின் இன்னொரு பக்கம், ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கிற பிக்கரிங். மகன் குடும்பத்தோடு அங்கே இருக்கிறான். பேரப்பிள்ளைகள் அங்கே. எங்களோடு அஜின்கோர்ட்டில் நிலக்கீழ் அறைகளில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் புது வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எனக்கும் ஆசை. வயது போகிறது, படி ஏறினால் முழங்கால் நோகிறது. ஆனால் அங்கே போனால் போன் நம்பர் மாறிவிடும். நம்பரையும் எங்களோடு கொண்டுபோகலாமா என்று விசாரித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. "தம்பிக்கு இந்த நம்பர் மட்டுந்தான் தெரியும்," என்று அவள் சொல்வாள். அதற்குமேல் யார் என்ன கதைப்பது?

இப்படி இருக்கையில்தான் மகளுடைய கம்பனி அவளை ஒரு வருஷத்துக்கு பார்சலோனாவுக்கு அனுப்பியது. வாருங்கோ, வாருங்கோ என்று ஒரே பிடிவாதம். நகரத்தைச் சுற்ற இல்லை, கற்றலோனியாவின் நாட்டுப்புறத்தைக் காட்டப்போகிறேன், மலை, ஆறு, பழைய கோயில், பழைய கோட்டை என்று படங்களாக அனுப்பினாள். போனை விட்டுவிட்டு வர மனைவிக்கு மனமில்லை. கடைசியில் மகன் எங்கள் வீட்டில் வந்து நிற்பதாகவும், எந்த போன் வந்தாலும் எடுப்பதாகவும் வாக்குக் கொடுத்த பிறகுதான் சூட்கேஸ் திறந்தது.

திறந்த சூட்கேசில் பாதிக்கு அரிசி. மற்றப் பாதியில் ரைஸ் குக்கர். ஸ்பெயினில் மனிசர் சோறு தின்பதில்லையா என்று கேட்டேன். "அவையின்ரை அரிசி எங்களுக்குச் சரிவராது," என்றாள். பார்சலோனாவிலிருந்து தெற்கே காரில் போகும்போது, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் கண்ணுக்கு எட்டியவரை நெல் வயல். நான் பின்னால் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சிரிக்கத் தேவையில்லை," என்றாள்.

மகள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது மலையடிவாரத்தில் ஒரு பழைய கல் வீடு. சுற்றிவர ஒலிவ மரமும் வாதுமை மரமும். மண் எங்கள் செம்பாட்டு மண் போலச் சிவந்துகிடந்தது. வாசல் நிலை என் உயரத்துக்கே பதிந்து தாழ்ந்திருந்தது. முதல் தடவை உள்ளே போகும்போது நெற்றியில் இடித்துக்கொண்டேன். நான் "ஐயோ" என்று தலையைப் பிடிக்க, மனைவி பின்னால் நின்று, "தம்பியெண்டா குனிஞ்சிருப்பான்," என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். அவள் மாமாவை நேரில் கண்டதில்லை. போனில் குரல் கேட்டிருக்கிறாள், படத்தில் பார்த்திருக்கிறாள். எங்கள் சின்ன வயதுக் கதைகளை மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் மனைவி வாசலைப் பார்த்தாள். மலை உச்சிச் சிறு கோயிலின் வாசல், உடைந்த கோட்டையின் வாசல், ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஒதுங்கிய குகையின் வாய். அவள் கண் மேலே போய், நிலையில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும். கூட வந்த ஒருவன் உள்ளே போக இடம் இருக்கிறதா என்று பார்ப்பது போல. எனக்கு எரிச்சலாக வந்தது. கடல் தாண்டி வந்தும் இந்த வழக்கா என்று நினைத்தேன்.

பிறகு மகள் எங்களை ஆற்றங்கரையில் ஒரு பாழூருக்குக் கூட்டிப்போனாள். அவர்களுடைய உள்நாட்டுச் சண்டையில் உடைந்த ஊர் அது. உடைந்தபடியே விட்டிருக்கிறார்கள். கோயிலுக்குக் கூரை இல்லை. உள்ளே புல் முளைத்திருந்தது. வீடுகளின் படிகள் மேலே ஏறி, மாடி இல்லாத வெளியில் முடிந்தன. ஒருவரும் இல்லை. காற்று வரும்போது எங்கோ ஒரு தகரம் அடித்தது. மகள் விளக்கப் பலகையைத் தேடிப் போவதற்குள் மனைவி கோயில் சுவரில் கைவைத்து, "இது துவக்குச் சூடு. அங்காலை உது ஷெல்," என்றாள்.

"அம்மா, ஹவ் டூ யூ நோ?"

"இதையென்ன படிச்சே தெரியவேணும்?"

மகள் பலகையை வாசித்துச் சொன்னாள். ஆற்றைக் கடக்க நடந்த சண்டையில் செத்தவர்களில் கனபேரை யாரும் அடையாளம் காணவில்லையாம். மலையில் இன்னும் எலும்புகள் கிடக்கின்றனவாம். மனைவி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "அவையின்ரை வீட்டுக்காரர் என்ன செய்தவை?" என்று கேட்டாள்.

"வட் டூ யூ மீன்?"

"ஆளும் வராமல், பிரேதமும் வராமல், வீட்டிலை இருக்கிறவை என்ன செய்யிறது?"

"வெயிற் பண்ணியிருப்பினம்."

"எவ்வளவு காலம்?"

மகள் யோசித்தாள். அவளுக்கு மனதில் ஒன்றுமில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரித்தான் சொன்னாள். "அது எப்பவோ நடந்த சண்டை அம்மா. வெயிற் பண்ணின ஆக்களும் இப்ப செத்திருப்பினம். இப்ப ஒருத்தரும் வெயிற் பண்ணேல்லை."

அன்று பின்னேரம் மனைவி எங்களுக்குச் சோறு போட்டுத் தந்தாள், தான் சாப்பிடவில்லை. நான் மகளைத் தனியே கூப்பிட்டு, அம்மாவோடு இப்படியெல்லாம் கதைக்காதே என்றேன். "நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. நான் இத்தனை வருஷம் மூச்சைக் கொடுத்துச் சொல்லி ஏறாதது, அவள் சும்மா சொன்ன ஒரு சொல்லில் ஏறிவிட்டது. அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் பாறைக் கல்லறைகளைப் பார்க்கப் போனோம். அதற்குப் பாதை என்று பெரிதாக இல்லை. முட்பற்றைக்குள்ளால் ஏறவேண்டும். கால் பட்ட இடமெல்லாம் ஏதோ பச்சிலை வாசம். உச்சியில் ஒரு வெறும் பாறை, எங்கள் கார்த் தரிப்பிடம் அளவுக்குத் தட்டையாக. அதில் மனித உருவத்திலேயே கிடங்குகள் வெட்டியிருந்தார்கள். தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு அகலம், காலடிக்கு ஒடுங்கிப் போகும். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாம். மூடியிருந்த கல்லும் இல்லை, உள்ளே இருந்தவர்களும் இல்லை. ஆட்கள் எழும்பிப் போய்விட்டார்கள், அச்சு மட்டும் கிடக்கிறது. சிலது கைக்குழந்தை அளவு. நான் அவற்றைப் பார்க்காமல் கடந்தேன்.

"எல்லாத் தலையும் மேற்கை இருக்குது. கடைசி நாளிலை எழும்பேக்கை கிழக்கை உதிக்கிற சூரியனைப் பாக்கிறதுக்காம்," என்று மகள் போனைப் பார்த்து வாசித்தாள்.

"எங்களுக்குத் தலை தெற்காலை," என்றாள் மனைவி.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தில் பகிடி விடுவது என் பழக்கம். செத்த வீடுகளில் என் வாயைப் பொத்துவதே அவளுக்கு வேலை. தண்ணீர் நிற்காத ஒரு கிடங்காகப் பார்த்து, அதற்குள் இறங்கி நீட்டிப் படுத்தேன். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, "பிள்ளை, ஒரு படம் எடு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு," என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. தலை வட்டத்துக்குள் பொருந்தியது. குதிக்கால் முடிவில் முட்டியது. வெயில் ஏறிய பாறையில் அந்தக் கிடங்கு மட்டும் குளிர்ந்துகிடந்தது. மேலே வானத்தில் பெரிய கழுகுகள் வட்டம் போட்டன.

மனைவி விளிம்பில் வந்து நின்றாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். காலுக்கு அப்பால் இருந்த கல்லைப் பார்த்தாள்.

"தம்பிக்கு உது கட்டை," என்றாள். "கால் மடங்கும்."

நான் எழும்பினேன். அவள் அதற்குள் அடுத்த கிடங்குக்குப் போயிருந்தாள். பார்த்தாள், விட்டாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். சேலைக் கடையில் சேலை பார்ப்பது போல நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பாறையின் விளிம்பில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீளமான ஒன்று கிடந்தது. எந்த நெட்டையனுக்காக வெட்டினார்களோ தெரியாது. அதில் மழைத் தண்ணீர் அரைவாசிக்கு நின்றது. அதன் தலைமாட்டில் அவள் இருந்துவிட்டாள்.

கொஞ்சம் பொறுத்து மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, காருக்குள்ளை இறக்காத அரிசிப் பை ஒண்டு இருக்கு. எடுத்துக்கொண்டு வா," என்றாள்.

"இப்ப சமைக்கப்போறீங்களோ?"

"கொண்டு வா."

எனக்கு விளங்கிவிட்டது. வாய்க்கரிசி. பிரேதத்தை எடுக்கும் முன் உறவுக்காரர், செத்தவரின் வாயில் கடைசியாகப் போடும் அரிசி. எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, அவர்களுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. நெல் விளைகிற நாட்டுக்கு இந்த மனுஷி அரிசி காவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நான் பரிகாசம் பண்ணிய அந்த அரிசி. மகள் மூச்சு வாங்க ஏறிவந்து பையைக் கொடுத்தாள். மனைவி பிடி அள்ளி, தலை இருக்கவேண்டிய வட்டத்துக்குள் மூன்று தரம் போட்டாள். தண்ணீரில் அரிசி மெல்லக் கீழே போய்ப் படிந்தது. "தெற்காலை இல்லை. பரவாயில்லையடா அப்பன்," என்றாள். அவள் அழவில்லை. மகள்தான் ஒன்றும் விளங்காமலே அழத் தொடங்கினாள். "மாமாவுக்குப் போடு," என்று அவளுடைய கையிலும் வைத்தாள். மகளும் போட்டாள்.

பிறகு பையை என் பக்கம் நீட்டினாள்.

இத்தனை வருஷமாக நான் கேட்டது இதைத்தான். ஒத்துக்கொள், கிரியையைச் செய், பிக்கரிங்குக்குப் போவோம். அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், அரிசியையும் நீட்டுகிறாள். என் கை போகவில்லை. பைக்குள் கைவிட்டால் நான் மச்சானைக் கொன்றுவிடுவேன் என்று பட்டது. அவள் நம்பிக்கொண்டிருந்தவரை அவன் செத்தான் என்று நான் துணிந்து சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் இரண்டு பேருக்குமான நம்பிக்கையை அவள் ஒருத்தியே சுமந்தாள், நான் கை வீசி நடந்தேன். இப்போது அவள் இறக்கி வைத்துவிட்டாள்.

"நான் பிறகு போடுறன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தப் 'பிறகு' யாருடைய சொல் என்று எனக்கு உறைத்தது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பையின் வாயை முடிந்தாள்.

மலையின் மற்றப் பக்கம் இறங்கினால் ஒரு ஆறு பாறையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. இடுக்குக்குள் பச்சை நிறத்தில் ஆழமான தண்ணீர் தேங்கி நிற்கும். பார்க்க ஆட்கள் வருகிற இடம். அன்று யாரும் இல்லை. வெயில் அந்த இடுக்குக்குள் விழுவதேயில்லைப் போல. மனைவி கரையில் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மகளிடம் கொடுத்தாள். உடுத்த உடுப்போடு இறங்கி, ஒரே முழுக்காகத் தலை வரை முழுகி எழும்பினாள். குளிரில் வாய் நடுங்கியது. "நீயும் இறங்கு பிள்ளை. செத்த வீட்டாலை வந்தால் தோயாமல் வீட்டுக்குள்ளை போகக்கூடாது."

மகள் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினாள். கனடாவில் பிறந்த பிள்ளை. மரக்கறி நறுக்கச் சொன்னால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவள்.

"இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோ."

"வெறுங்கிடங்குக்கு என்னப்பா துடக்கும் தீட்டும்?" என்றேன். "உள்ளுக்கு ஆர் இருந்தது?"

"நீங்கள் இருந்தனீங்கள். அதுக்குள்ளை படுத்து எழும்பினது நீங்கள். தோஞ்சிட்டு வாங்கோ."

"எனக்குச் சளி பிடிக்கும். வீட்டை போய்ச் சுடுதண்ணியிலை குளிக்கிறன்."

அவள் வற்புறுத்தவில்லை. கூந்தலைப் பிழிந்தாள். கல் வீட்டுக்குத் திரும்பியதும் சோறு ஆக்கி, வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு கதிரையில் இருந்தபடியே குழந்தையைப் போல உறங்கிப்போனாள். அவள் பகலில் உறங்கி நான் கண்டதில்லை, போன் அடித்தால் கேட்காது என்ற பயம் அவளுக்கு. நான் அன்று குளிக்கவில்லை. தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் ஏதோ மக்கர் பண்ணியது. அடுத்த நாள் குளித்தேன், ஆனால் அது சாதாரணக் குளிப்பு.

திரும்பி பார்சலோனாவுக்குப் போகும்போது மனைவி, கார் ஓட்டிய மகளுக்குப் பின்னால் இருந்தாள். நான் முன்னால், மகளுக்குப் பக்கத்தில். நெல்வயல்களைத் தாண்டியபோது நான் கையைக் கீழே விட்டு, என் சீற்றை முன்னுக்கு இழுத்தேன். முழங்கால் முன்பெட்டியில் இடித்தது.

"அப்பா, ஏன் சீற்றை முன்னுக்கு எடுக்கிறீங்கள்? உங்களுக்குப் பின்னாலை ஒருத்தரும் இல்லையே."

இல்லைத்தான். எனக்குப் பின்னால் இருந்த சீற் வெறுமையாக இருந்தது. ஆனால் நான் அவனுக்குக் கால் நீட்ட இடம் விட்டிருந்தேன். யோசிக்காமல், ஒரு ஆள் ஏறியிருந்தால் எப்படி விடுவோமோ அப்படி. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினோம். மகன் போனைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னான். யாரும் எடுத்தார்களா என்று அவனைக் கேட்டது நான். மனைவி கேட்கவில்லை. அவள் வந்த கையோடு வீட்டுச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள். ஒரு நாள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "பிக்கரிங்கிலை ஒரு வீடு விலைக்கு வந்திருக்காம், போய்ப் பாப்பமே? மகன்ரை வீட்டுக்குக் கிட்டவாம்," என்றாள். இன்னொரு நாள், "அந்த ஐயருக்கு ஒருக்கால் போன் அடிச்சுப் பாருங்கோவன்," என்றாள்.

"என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பம்," என்றேன்.

"இவ்வளவு நாளும் என்னைப் பிடிச்சு அரிச்சனீங்கள்."

"விலை இறங்கட்டும்," என்றேன். விலையில் ஒன்றுமில்லை. பின்னேரங்களில் அவள் மேலே போய்த் தொலைக்காட்சி பார்க்கும்போது, நான் குசினியிலேயே இருந்துவிடுகிறேன். கேட்டால் பத்திரிகை வாசிக்கிறேன் என்பேன். எங்கள் வாசல் நிலை நல்ல உயரம். ஆனால் முன்கதவைத் திறந்து உள்ளே வரும்போது இப்போது நான் குனிகிறேன். எனக்கே தெரியாமல் கழுத்து மடங்குகிறது. பின்னால் வருகிறவனுக்குப் பாதை காட்டுகிறேனோ என்னவோ.

போன கிழமை அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"உது டக்ட் கிளீனிங்காத்தான் இருக்கும், விடுங்கோ," என்றாள். கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

நான் எழும்பிப் போய் எடுத்தேன். அமைதி. கொஞ்சம் பிந்துகிற அந்த அமைதி. அவனுடைய குரலுக்கு முன்னால் இருந்தது இதே அமைதிதான். அந்தக் கடைசி அழைப்பில் அதைக் கேட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், அவள்கூடக் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் அவள் ஓடிவந்து எடுக்கும்போது அது எனக்குக் கேட்கவேயில்லை.

"மச்சான்?" என்றேன்.

"ஹலோ சேர், ஹவ் ஆர் யூ டுடே?" என்றது ஒரு குரல். வேண்டாம், நன்றி என்று சொல்லி வைத்தேன். திரும்பினால் மனைவி மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், தோஞ்சிட்டு வாங்கோ எண்டு," என்றாள்.

நான் போன் வயரின் முறுக்கை எடுத்தேன்.

"இப்பவெண்டாலும் போய்த் தோயுங்கோ. போங்கோ. அவனையும் போக விடுங்கோ, பாவம்."

மேலே போனேன். உடுப்போடு தண்ணீருக்குக் கீழே நின்றேன். சுடுதண்ணீரைத் திறக்கவில்லை, அந்த ஆறு மாதிரிக் குளிராகவே விட்டேன். தலையில் விழுந்தது. கண்ணை மூடினேன். மனதுக்குள் 'போய்வா' என்று சொல்லப் பார்த்தேன். 'போ' வரைதான் வந்தது.

கீழே போன் அடித்தது. மனைவி எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.